மோட்டார் விபத்தும் நமது பாஸ் புத்தகமும்

சென்ற மார்கழியில் ஒருநாட் காலை நமது சங்க அலுவலகத்துக்கு அங்கத்தினர் ஒருவர் தம் மைத்துனரின் தோளைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வயது 38, இருபது ஆண்டுகளாகக் குழித்தறியில் நெய்து வருபவர். ஆவணிக் கடைசியில், நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்புவித்துவிட்டுப் பாவும் ஊடைநூலும் பெற்றுக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்புகையில், பின்னால் வந்த மோட்டார் கார் ஒன்று அவரை மோதித் தள்ளிற்று. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டிடங்களில் முறிந்தது. கார் ஓட்டி வந்தவர் பொல்லாதவரல்லர். தம் காரிலேயே ஏற்றிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் இருவருடன் வந்து 12,000 ரூபாய் கொடுத்தார். "கேஸ் எதுவும் வேண்டாம்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் பெற்றுக்கொண்டார். பெரியவர்கள் இருவரும் நல்ல காரியம் செய்து முடித்த திருப்தியுடன் வீடு சென்றனர்.

நான்கு மாதங்கள் கழிந்தன. எலும்பு கூடிற்று; கணுக்கால் மடங்கவில்லை. மிதிபலகையை அழுத்த இயலாத கால் குழித்தறி நெசவாளருக்கு இருந்தும் இல்லாததே. அன்று அவர் சங்கத்துக்கு வந்தது, பெற்றிருந்த கடனுக்குத் தவணை நீட்டிக் கேட்பதற்காகவே. நஷ்ட ஈடு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை. நாம் கேட்டபோது, "அந்த மனுஷர் நல்லவருங்க. அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தா பாவமுங்க" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இரக்கம் நல்ல குணமே. ஆனால் இங்கே அது இடந்தவறி நிற்கிறது. மோட்டார் வாகனம் ஒன்றைச் சாலையில் ஓட்ட வேண்டுமாயின், அதனால் பிறருக்கு விளையும் தீங்குக்காக இன்ஷூரன்ஸ் செய்திருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. காரின் சொந்தக்காரர் அதற்காக ஆண்டுதோறும் பிரிமியம் கட்டி வருகிறார். அடிபட்டவர் நஷ்ட ஈடு கோரினால் அதைக் கொடுக்கவேண்டியது, இன்ஷூரன்ஸ் செல்லுபடியாகும் வரையில், அந்தக் கம்பெனியேயன்றி அந்த நல்ல மனிதரல்லர். நமது அங்கத்தினர் காட்டிய தயவினால் காப்பாற்றப்பட்டது யாருடைய பணம்? கார்க்காரர் தம் பையிலிருந்து 12,000 இழந்தார். நெசவாளர் தம் காலை இழந்தார். பிரிமியம் வாங்கிய கம்பெனிக்கு மட்டும் ஒரு காசும் செலவில்லை. இவ்வாறு முடிந்த ஒன்றை நாம் சமாதானம் என்று அழைத்து வருகிறோம்!

அத்தாளில் வைத்த கையெழுத்தினாலேயே உரிமை முழுதும் போய்விட்டதென்று அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் அது எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் ஓர் ஆயுதமாகும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே, விபத்து நிகழ்ந்த இடத்திலும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், கோயில் திண்ணையிலும் எந்தத் தாளிலும் கையெழுத்திடலாகாது. காயம் எவ்வளவு என்பதே தெரியாத நாளில் அதற்கு விலை பேசுவது, பூவெடுத்த வயலைக் கண்டவுடன் மகசூலுக்கு விலை சொல்வதைப் போன்றது.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்வோம். முதற்கண் உயிர், மற்றவை பின்னர். 108-க்குச் சொல்ல வேண்டும். பணமில்லையே என்று நல்ல ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவோர் இன்றும் நம்மிடையே பலர். தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, இம்மாநிலத்துள் விபத்துக்குள்ளானவர் எவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அத்திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் கட்டணமின்றிப் பெறலாம். மத்திய சர்க்கார் 2025 மே மாதத்தில் வெளியிட்ட திட்டமும் உண்டு. அதன்படி, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, 1½ லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை பெற வழியுண்டு. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் போலீஸ் விசாரணைக்கு அஞ்சவேண்டியதுமில்லை. சுப்ரீம் கோர்ட் 2016-இல் வகுத்த நெறியையொட்டி 2019-இல் சட்டத்திலேயே 134-அ என்னும் பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். உதவி செய்தவரின் பெயரையோ விலாசத்தையோ அவர் விருப்பமின்றிக் கேட்டு வற்புறுத்தலாகாது.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு சிறு காரியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் நஷ்ட ஈட்டு வழக்குகள் பல அங்கேதான் தோற்றுப் போகின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்க்கும் டாக்டர், விபத்துப் பதிவேட்டில் நான்கைந்து வரிகள் எழுதுவார்: எந்த இடம், எத்தனை மணி, எப்படி நேர்ந்தது, அழைத்து வந்தவர் யார் என்பன அவை. அவ்வேளையில், உடன் வந்த கார்க்காரரின் முகத்தைப் பார்த்தோ, போலீஸ் தொல்லை வேண்டாமென்றோ, "சைக்கிளிலிருந்து தானே வழுக்கி விழுந்தார்" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகின்றனர். டாக்டர் அதையே எழுதிக்கொள்கிறார். ஓராண்டு கழித்துத் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து வாசிப்பது அந்த ஒரு வரியைத்தான். காருக்கும் காயத்துக்கும் சம்பந்தமேயில்லை, பின்னால் ஜோடித்த கதையிது என்பார். அதன்பின் எத்தனை சாட்சிகளை நிறுத்தினாலும் அந்த வரியை அழிப்பது எளிதன்று. ஆகையால் அடிபட்டவருக்கு நினைவிருந்தால் அவரும், இல்லையேல் உடன் சென்றவரும், "இன்ன எண்ணுள்ள கார் மோதியது" என்று தெளிவாகச் சொல்லி அதையே எழுதுவிக்க வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வண்டியின் எண்ணைக் குறித்துக் கொள்ளவேண்டும் என்று சொல்லவேண்டுவதில்லை. இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. வண்டி நின்ற நிலையையும், சாலையில் சக்கரம் தேய்ந்த தடத்தையும், நசுங்கிய சைக்கிளையும் படமெடுத்து வைக்கலாம். அருகில் கடை வைத்திருப்போர் காமிராப் பொருத்தியிருந்தால், அப்படம் அழிந்து போவதற்குள் போலீஸாரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். விபத்தை 24 மணி நேரத்துள் போலீஸாருக்குத் தெரிவிக்கும் கடமை வாகனத்தை ஓட்டியவருக்கே உண்டு. ஆயினும் அவர் செய்வாரென்று காத்திருப்பது பேதைமை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகவே கொடுக்க வேண்டும். அதைப் பெறாமல் திரும்பலாகாது. சிகிச்சையில் கிடந்ததால் புகார் தாமதப்பட்டதாயின், தாமதமொன்றையே காரணமாகக் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்கலாகாதென்று சுப்ரீம் கோர்ட் 2011-இல் கூறியிருக்கிறது. ஆகவே நமது அங்கத்தினரைப் போல் நான்கு மாதம் கடந்தவரும் மனந்தளர வேண்டுவதில்லை. தாமதத்தின் காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தால் போதும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, போலீஸார் 48 மணி நேரத்துள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அடிபட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை அவருக்குப் பத்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அவ்வறிக்கையையே நஷ்ட ஈட்டு விண்ணப்பமாகத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது. ஏட்டிலே மிக நல்ல விதி இது. ஆனால் போலீஸாருக்கு ஆயிரம் வேலை. அடிபட்டவர் தம் வருமானம், குடும்பம், சிகிச்சைச் செலவு ஆகியவற்றுக்குரிய படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்காவிடில் அந்த விரிவான அறிக்கை எப்படி விரிவாக இருக்கும்? ஆகவே ஸ்டேஷனுக்கு இரண்டு முறை நடக்கத்தான் வேண்டும்.

தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க, விபத்து நாளிலிருந்து ஆறு மாதங்களே கெடு என்பது 2022 முதல் சட்டமாயிற்று. முன்னர் பல்லாண்டுகளாக இத்தகைய கெடு இல்லாதிருந்தது; ஆகையால் இன்னும் பலர் பழைய நினைவிலேயே இருக்கின்றனர். இக்கெடுவை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளில், காலங்கடந்தவை என்பதற்காக விண்ணப்பங்களைத் தள்ளலாகாதென்று சுப்ரீம் கோர்ட் 2025 நவம்பரில் இடைக்கால ஆணையிட்டது. இடைக்கால ஆணையை நம்பிக் காலங்கடத்துவது புத்திசாலித்தனமன்று. மேலும், வட்டி கணக்கிடப்படுவது விண்ணப்பித்த நாள் முதற்கொண்டே. விபத்து நாள் முதலன்று. விபத்து நடந்த ஊரிலுள்ள தீர்ப்பாயத்துக்கே போகவேண்டுமென்ற கட்டாயமுமில்லை. நாம் குடியிருக்கும், அல்லது தொழில் செய்யும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறோம். ஒரு நெசவாளரின் காலுக்கு மதிப்பென்ன? டாக்டர் சான்றிதழ் எழுதும்போது, "வலது காலில் 40 சதவிகித ஊனம்" என்பார். இது அந்தக் காலுக்குரிய கணக்கு. உடல் முழுமைக்கும் என்று பார்த்தால் இது குறையும். உழைப்புக்கு என்று பார்த்தால் பன்மடங்கு கூடவும் கூடும். இம்மூன்றும் வெவ்வேறானவை என்பதை 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் சுப்ரீம் கோர்ட் மிகத் தெளிவாக விளக்கியது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் ஏறக்குறைய முழுதுமே போயிற்றெனலாம். அவரே சர்க்கார் அலுவலக குமாஸ்தாவானால் சம்பளம் சிறிதும் குறையாமலிருக்கலாம். ஆகவே பார்க்கவேண்டியது உறுப்பின் சதவிகிதத்தையன்று. அவ்வுறுப்பைக் கொண்டு அவர் செய்துவந்த தொழிலை. 2014-இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், ஒரு கால் போனதனால் அவர் தொழிலுக்கு நேர்ந்த நஷ்டத்தை 85 சதவிகிதமென்று அந்நீதிமன்றமே நிர்ணயித்தது.

குழித்தறி என்றால் என்னவென்று தீர்ப்பாய நீதிபதி அறிந்திருப்பாரென்று நாம் எதிர்பார்க்கலாகாது. குழிக்குள் இரு கால்களையும் இறக்கி, மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரிந்து நாடாவுக்கு வழிவிடும் என்பதையும், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை அவ்வாறு மிதிக்க வேண்டும் என்பதையும் யாரேனும் சாட்சிக் கூண்டிலேறிச் சொல்லவேண்டும். சங்கக் காரியதரிசியைவிட அதற்குத் தகுந்தவர் வேறு யார்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வயதுடைய நெசவாளர் ஒருவர் மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. சொந்தத் தொழில் செய்வோர் 40 வயதுக்குட்பட்டவராயின், எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவிகிதம் கூட்ட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் 2017-இல் விதித்தது. காயமடைந்தவருக்கும் இது உண்டென்பது 2020-இல் மீண்டும் உறுதிப்பட்டது. கூட்டினால் 1,68,000. 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரையுள்ளோருக்குப் பெருக்க வேண்டிய எண் 15. ஆக மொத்தம் 25,20,000. தொழில் நஷ்டத்தை 20 சதவிகிதமென்று தீர்மானித்தால் கிடைப்பது 5,04,000. 80 சதவிகிதமென்று தீர்மானித்தால் 20,16,000. அதே கால், அதே காயம். வேறுபாடு முழுவதும், தொழிலை விளக்கிச் சொன்னோமா என்பதில் இருக்கிறது. சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகை ஆகியவை இதற்கு மேல்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். வருமானத்துக்குச் சான்றில்லை என்று கூறித் தீர்ப்பாயம் மாதம் 6,000 என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், அந்த 80 சதவிகிதத்துக்குங்கூடக் கிடைப்பது 12,09,600 மட்டுமே. எட்டு லட்சத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. அமைப்புசாராத் தொழிலாளரிடம் எழுத்துச் சான்று எதிர்பார்க்க முடியாதென்று நீதிமன்றங்கள் கூறித்தான் வருகின்றன. ஆயினும் உத்தேசம் உத்தேசமே. கூலிக்காரரும் கொத்தனாரும் காட்ட இயலாத சான்று கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடம் இருக்கிறது. எத்தனை பாவு வாங்கினார், எத்தனை உருப்படி கொடுத்தார், கூலி எவ்வளவு, சேமிப்பு நிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் தேதிவாரியாக எழுதிய பாஸ் புத்தகம் அது. அரிசிப் பானையின் மேலும் பரணிலும் கரையானுக்கு இரையாகக் கிடக்கும் அப்புத்தகத்தின் மதிப்பு, விபத்து நேர்ந்த பின்னரே பலருக்குத் தெரிகிறது.

இங்கே நமது சங்கங்களின் குறையொன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையுடையவராகோம். ஒரு வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் கணவர் நெய்கிறார், மற்றதில் மனைவி நெய்கிறார். பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் பாஸ் புத்தகம் ஒன்றே. அதிலுள்ள பெயரும் ஒன்றே. இரு தறிக் கூலியும் கணவரின் பெயரில் விழுகிறது. எழுதுவதற்குச் சௌகரியம் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் இல்லை. அந்த அம்மையார் சந்தைக்குப் போகும் வழியில் கார் மோதிக் கையொடிந்தால் என்னாகும்? போலீஸ் அறிக்கையில் அவர் 'குடும்பத் தலைவி'. குடும்பத் தலைவியின் வீட்டு வேலைக்கும் வருமான மதிப்புண்டென்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வலியுறுத்தியது மெய். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இந்த அம்மையார் வீட்டு வேலையோடு தறி வேலையும் செய்தவர். இருபதாண்டு நெய்த கைக்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. அதுமட்டுமன்று, கணவர் அடிபட்டாலோ, கம்பெனி வக்கீல் நமது கணக்கையே காட்டி, "விபத்துக்குப் பின்னும் இவர் பெயரில் கூலி விழுந்திருக்கிறதே, இவர் நெய்துகொண்டுதானே இருக்கிறார்?" என்று கேட்பார். மனைவி நெய்த கூலியே கணவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். நெய்கிறவர் பெயரில் கணக்கு என்ற விதியைச் சங்கங்கள் இவ்வாண்டே கைக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். பெண்களை அங்கத்தினராகச் சேர்ப்பதற்கு வேறு நூறு நியாயங்களுண்டு, இதுவும் ஒன்று.

விவசாயிகளின் நிலை சற்று வேறானது. நிலம் அங்கேயே இருக்கிறது, ஆகவே வருமானம் போகவில்லை என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம். நிலம் உழுதுகொள்ளாது, தண்ணீர் தானாகப் பாய்ந்துகொள்ளாது. உழைத்தவரின் உழைப்பும் மேற்பார்வையும் போனதற்கு ஈடு உண்டென்பதே 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிலிருந்து தெளிவாகிறது. அதற்குச் சிட்டா, அடங்கல் மட்டும் போதா. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துச் சீட்டு, பால் சங்கத்து அட்டை, பயிர்க்கடன் கணக்கு ஆகியவையும் வேண்டும். விபத்துக்குப் பின் ஆள் வைத்து வேலை செய்தால் கொடுத்த கூலியைத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். இழந்த உழைப்பின் விலையை அதைவிட நேராகக் காட்டுவது வேறில்லை.

ஆனால் அவர்களை மிரட்டும் அபாயம் வேறொன்று. மஞ்சள் மூட்டையின் மேலும், பருத்திப் பொதியின் மேலும், டிராக்டர் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சென்றால், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவருக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்புண்டு. வெறுமனே ஏறிச் சென்றவர்களுக்குக் கம்பெனி பொறுப்பாகாதென்று 2002 இறுதியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட வண்டி கவிழ்ந்தால் களையெடுக்கப் போன பெண்கள் பத்துப் பேர் குடும்பத்துக்கும் பொறுப்பு, அந்த ஒற்றை வண்டிக்காரர் தலையில் விழும். அவரிடம் என்ன இருக்கும்? எதிரே வந்த வேறொரு வாகனத்தின் தவறென்றால் அதன் கம்பெனியைக் கேட்கலாம், அதுவும் நிச்சயமன்று. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் செல்வோரையும் இது தொடும். மிகக் குறைந்த பிரிமியத்தில் எடுத்த பாலிசியில் பின்னிருப்பவருக்குப் பாதுகாப்பில்லை. சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய் மனைவியையும் மகனையும் பாதுகாப்பின்றி ஏற்றிச் செல்கிறோம் என்பதைப் புதுப்பிக்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

மோதிய வாகனம் நிற்காமல் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்றென்று எண்ணுவோர் பலர். அப்படியன்று. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயமுற்றவருக்கு 50,000-மும் கொடுக்கும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் உண்டு. முன்பு இது 25,000-மும் 12,500-மும் ஆக இருந்தது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் கோர்ட் அன்று. கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகம். வெகு சிலரே இதைக் கேட்டுப் பெறுவதைக் கண்ட சுப்ரீம் கோர்ட், ஒரு மாதத்துக்குள் வாகனம் இன்னதென்று தெரியாவிடில் போலீஸாரே இத்திட்டத்தைப் பற்றி அடிபட்டவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்று 2024 ஜனவரியில் ஆணையிட்டது. வாகனம் தெரிந்தும், தவறு யாருடையதென்று நிரூபிக்க வழியில்லாதவர்கள் 164-ஆம் பிரிவின் கீழ், தவறை நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் கோரலாம். உழைப்பை நிரந்தரமாக இழந்தவருக்கு அது போதாது. அவர் தவறை நிரூபித்து 166-ஆம் பிரிவின் கீழ் கோருவதே முறை.

வக்கீலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து, "செலவெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வந்ததில் மூன்றிலொரு பங்கு கொடுத்தால் போதும்" என்று தரகர்கள் பேசுவதுண்டு. வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைத்த தொகையில் பங்கு கேட்பதும் வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிகளே தடுத்த காரியம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும், குழந்தைகளும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும், ஊனமுற்றோரும் இலவசமாக வக்கீல் பெறலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவதையும் நாம் குறை சொல்லவில்லை. விரைவில் பணம் கைக்கு வரும். ஆனால் மேலே போட்ட கணக்கை முன்னரே போட்டு வைத்துக்கொண்டு போகவேண்டும். தம் தொகை இன்னதென்று அறியாதவருக்குக் கம்பெனி சொல்லும் முதல் தொகையே பெரிதாகத் தோன்றும். மோதியது அரசுப் பேருந்தாயின் தீர்ப்புக்குப் பின்னும் பொறுமை வேண்டியிருக்கும். தொகை வராமல் அமீனா பஸ் நிலையத்துக்கே சென்று பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளை வாசகர்கள் படித்திருப்பார்கள்.

சங்கங்கள் செய்ய வேண்டியது பெருஞ்செலவுள்ள காரியமன்று. அங்கத்தினர் விபத்துக்குள்ளானார் என்ற செய்தி வந்த ஒரு வாரத்துக்குள், கடந்த மூன்றாண்டுக் கூலிக் கணக்கைப் பேரேட்டிலிருந்து எடுத்து, முத்திரையிட்டுச் சான்றாகக் கொடுக்க வேண்டும். அவர் நெய்த ரகம், பயன்படுத்திய தறி, அதற்குக் காலும் கையும் எவ்வாறு வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும். அழைப்பாணை வந்தால் காரியதரிசி தாமே பேரேட்டுடன் சென்று சாட்சி சொல்ல வேண்டும். அன்றைய பிரயாணப் படியைச் சங்கமே ஏற்கலாம். மூன்று மாதக் கணக்கை ஒரே நாளில் உட்கார்ந்து ஒரே மையால் எழுதி முடிக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அது உடனே நிற்க வேண்டும். அத்தகைய பேரேடு கோர்ட்டில் ஐந்து நிமிஷமும் நில்லாது.

மார்கழியில் வந்த நமது அங்கத்தினருக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாயிற்று. கார்க்காரரும், விஷயத்தை எடுத்துச் சொன்னதும், மறுப்பின்றித் தம் பாலிசியின் பிரதியைக் கொடுத்தார். தம்மிடமிருந்து ஒன்றும் போகாதென்பது அவருக்கும் அதுவரை தெரியாதாம். விண்ணப்பம் தைப் பொங்கலுக்கு முன்னரே தீர்ப்பாயத்தில் தாக்கலாயிற்று. கூலிச் சான்று தயாரிக்கப் பேரேட்டைப் புரட்டியபோது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் அவர் பெயரில் ஒன்பது உருப்படிகளுக்குக் கூலி விழுந்திருப்பதைக் கண்டோம். நெய்தவர் அவர் மனைவி. அதை அவ்வாறே விளக்கிச் சான்றில் எழுதியிருக்கிறோம். அந்த அம்மையாரின் அங்கத்தினர் விண்ணப்பம் வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முன் வைக்கப்படுகிறது.